பாதி இலக்கணம் ஏற்கெனவே நம் நாவில்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, ராயபுரத்து மாலைப் புழுக்கத்திலும் இடம்விட்டு நகராமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஜப்பானிய மொழியைப் புதிதாகத் தொடங்குவோர் இலக்கணத்தை ஆழமாகக் கற்க வேண்டுமா, அளவோடு கற்றால் போதுமா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, அஸ்திவாரம் தோண்டாமல் மாடி எழுப்ப முடியாது, ஆகவே முதல் ஆறு மாதம் இலக்கணமே பாடமாக இருக்க வேண்டும் என்றார். அஸ்திவாரம் வேண்டாமென்று எங்கள் அணியில் எவரும் சொல்லவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஜப்பானிய வகுப்புக்குள் பாதி அஸ்திவாரத்தோடுதான் நுழைகிறார். அதே இடத்தை மறுபடியும் தோண்டுவானேன் என்றுதான் கேட்கிறோம்.

வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் இரு மொழிக்கும் பொது. 'நானும்' என்பதில் நிற்கும் உம்மை அங்கே 'மோ'. 'யார்' என்னும் 'தரே'யோடு அந்த 'மோ' சேர்ந்து எதிர்மறை வினையைக் கொண்டால் 'யாரும் வரவில்லை' என்றாகும். 'கா' சேர்ந்தால் 'யாரோ'. 'தபெதே' என்றால் 'சாப்பிட்டு'. அதனோடு 'பார்த்தல்' என்னும் பொருளுடைய 'மிரு' சேர்ந்தால், நாம் சாப்பிட்டுப் பார்ப்பதைப் போலவே அவர்களும் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். 'வைத்தல்' என்னும் 'ஓகு' சேர்ந்தால், 'சொல்லி வை', 'வாங்கி வை' என்பவற்றில் உள்ள அதே முன்னேற்பாட்டுப் பொருள் வந்துவிடுகிறது. நம் அ, இ, உ என்ற மூன்று சுட்டுக்கும் அங்கே இணை உண்டு; கேட்பவர் அருகில் உள்ளதைச் சுட்ட யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'உது'வை நினைவில் வைத்தால் 'சோரே' எளிதில் பிடிபடும். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டுதான் ஜப்பானிய மொழியியல் பேராசிரியர் சுசுமு ஓனோ இரண்டும் உறவு மொழிகளே என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை; நானும் அவ்வளவு தூரம் போகவில்லை. உறவில்லாவிட்டாலும் ஒற்றுமை கற்பவருக்கு உதவும். நம் கையில் இருக்கும் பாடநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் விளக்குபவை; ஆங்கிலேயருக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை நமக்கும் விளக்கி, நமக்கு உண்மையில் இடறும் இடங்களை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். எதைப் பற்றிய பேச்சு என்று காட்டும் 'வா', எழுவாயைக் காட்டும் 'கா' (முன்னே 'யாரோ'வில் வந்த 'கா' வேறு) என்ற இரண்டு இடைச்சொற்களின் வேறுபாட்டுக்கு மட்டும் மூன்று வாரம் செலவிட்டு, ஒரு நோட்டு நிறைய எழுதியவன் நான். பிறகு மணலியில் ஒரு தொழிற்சாலையில், ஜப்பானியத் தொழில்நுட்பர் ஒருவர் என்னிடம் திரும்பி, "ககி வா?" என்றார். ககி என்றால் சாவி என்பது தெரியும். வாக்கியத்தின் கடைசியில் வினை வந்தே தீரும் என்று படித்திருந்த நான் அந்த வினைக்காகக் காத்து நின்றேன். அது வரவேயில்லை. "சாவி எங்கே?" என்பதைத்தான் அவர் அப்படிச் சுருக்கிக் கேட்டார் என்பது, அவரே மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரம் படித்த அதே 'வா'தான், நடுவர் அவர்களே!

தேர்வுக்கு ஆழம் வேண்டுமே என்றார் எதிரணித் தம்பி. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-இல் மொத்தம் 180 மதிப்பெண். 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதிக்குரிய 60-இல் 19 எடுக்காதவர், மற்றப் பகுதியில் 120-க்கு 120 எடுத்தாலும் தேற மாட்டார். நோட்டு நிறைய இலக்கணம் எழுதியவரின் காது பழகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஆழம் எங்குமே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 'வீட்டில் இருக்கிறேன்', 'வீட்டில் சாப்பிடுகிறேன்' என்ற இரண்டிலும் நமக்கு ஒரே 'இல்' போதும். அங்கே முன்னதற்கு 'நி', பின்னதற்கு 'தே'. தமிழ்க் காது இதைத் தானாகப் பிரிக்காது. இங்கே நின்று தோண்டத்தான் வேண்டும். 'குடித்தல்' என்னும் 'நோமு', 'குடித்து' என்னும் பொருளில் 'நோந்தே' ஆவதும், 'போதல்' என்னும் 'இகு' மட்டும் விதியை மீறி 'இத்தே' ஆவதும் வாய்ப்பாடு போல் நாவில் ஏற வேண்டியவை.

எண்ணும் முறைக்கு வருவோம். காசிமேட்டு மீன் சந்தையில் கணவாய் மீனை நாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடுவோம். ஜப்பானில் உயிரோடு நீந்தும் கணவாய்க்கு, எண்ணோடு சேர்த்துச் சொல்ல 'ஹிகி' என்றொரு அளவைச்சொல்; அதுவே விற்பனைக்கு வந்துவிட்டால் 'ஹாய்'. அந்த 'ஹிகி'யும் ஒன்றுக்கு 'இப்பிகி', இரண்டுக்கு 'நிஹிகி', மூன்றுக்கு 'சம்பிகி' என்று உருமாறும். ஒன்று, இரண்டு என்னும் 'ஹிதொத்சு', 'ஃபுதத்சு' போன்ற பொது எண்களை வைத்தே கடையில் வேலையை முடித்துவிடலாம் என்கிறது எங்கள் அணி. ஆழமே முதலில் என்பவர்கள், தங்கள் ஆறு மாதப் பாடத்தில் அந்தக் கணவாயை எந்த வாரத்தில் வைப்பார்கள் என்பதை அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் சொல்லட்டும்.