பென்சோ மாத்திரையை விடுவது: அவசரம் ஏன் ஆகாது?

வணக்கம்.

"இரண்டு நாள் மாத்திரை போடாமல் இருந்து பார்த்தேன். பொட்டுத் தூக்கம் இல்லை, கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. என் பதற்ற நோய் இன்னும் குணமாகவில்லை போலிருக்கிறது." பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம் போன்ற பென்சோ, அதாவது பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டு வருகிற பலரும் இதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு மாத்திரைக்கே திரும்பிவிடுவார்கள். பல நேரங்களில் அவர்களைப் படுத்தியது பழைய நோயே அல்ல, மருந்து சட்டென்று நின்றுபோனதன் விளைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி பயம் குறையும். இந்த வீடியோ அதற்குத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் பார்த்துவிட்டு இன்று ராத்திரி மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதோ நிறுத்துவதோ, மருத்துவரோடு பேசித்தான்.

[திரையில்: நரம்பணு, அதன் மேல் ஏற்பி, திறந்து மூடும் குளோரைடு வாசல்]

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நம் மூளையில் கேபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பணுக்கள் அளவுக்கு மீறிக் கிளர்ந்துவிடாமல் அடக்கி வைப்பது அதன் வேலை. நரம்பணுவின் மேல் கேபா வந்து ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அங்கே கேபா ஒட்டும்போது நரம்பணுவில் குளோரைடு வாசல் திறக்கும், அணு அமைதியாகும். பென்சோ மருந்து அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த வாசலை இன்னும் அடிக்கடி திறக்க வைக்கிறது. அதனால்தான் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றம் இறங்குகிறது.

வாரங்கள் போகப் போக, மூளை இந்தக் கூடுதல் அமைதிக்குத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஏற்பிகள் முன்புபோல் பதில் தருவதில்லை, கிளர்ச்சியூட்டும் பக்கம் வலுக்கிறது. அந்த நிலையில் மருந்தைத் திடீரென்று எடுத்துவிட்டால் அடக்க ஆளில்லை. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், தசை இறுக்கம், படபடப்பு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இது உடம்பின் இயல்பு. இதில் மனவலிமைக் குறைவு எதுவும் இல்லை. மருத்துவர் சொன்ன அளவை ஒருநாளும் மீறாதவருக்கும் இப்படித்தான் ஆகும். அவரைப் போதை அடிமை என்று வீட்டில் யாராவது சொன்னால் அது அநியாயம்.

இந்த வகையில் முதல் மருந்தான குளோர்டயசெபாக்சைடு 1960-இல் சந்தைக்கு வந்தது, டயசெபாம் 1963-இல். அதற்கு முன் இருந்த பார்பிட்யூரேட் மருந்துகளைவிடப் பாதுகாப்பானவை என்று எல்லோரும் நம்பினார்கள். அளவு மிஞ்சினால் உயிர் போகும் ஆபத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். உடல் பழகிப்போகும் விஷயம் மெல்லத்தான் உறைத்தது. 2 முதல் 4 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-இல் அறிவுறுத்தியது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, உடல் சார்பு, அதாவது உடல் மருந்துக்குப் பழகிப்போவது பற்றியும், விலகல் அறிகுறிகள், அதாவது மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ வரும் தொல்லைகள் பற்றியும் கட்டம் கட்டிய எச்சரிக்கையை 2020-இல்தான் எல்லா பென்சோ மருந்துகளுக்கும் கட்டாயமாக்கியது.

பக்க விளைவுகளுக்கு வருவோம். பகல் மயக்கம், மறதி, கவனச் சிதறல், நடையில் தள்ளாட்டம், எதிலும் ஒட்டாத மந்தம். இவை மெதுவாக வந்து சேர்வதால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். முதியவர்கள் விஷயத்தில் எனக்கு மிகுந்த கவலை உண்டு. நடு ராத்திரி கழிவறைக்கு எழுகிறார். மருந்து இன்னும் ரத்தத்தில் இருக்கிறது, கண் சொருகுகிறது, கால் இடறுகிறது. அந்த ஒரு விழுதலில் இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் மாதக்கணக்கில் படுக்கை. அதனால் மறதியோ தள்ளாட்டமோ தெரிந்தால், மருத்துவரிடம் போகும்போது மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். குறைக்கும் வரையிலும் சில காரியங்கள் செய்யலாம். படுக்கையிலிருந்து கழிவறை வரை ராத்திரி விளக்கு எரியட்டும். மயக்கம் இருக்கும்போது வண்டி ஓட்ட வேண்டாம். மது கூடவே கூடாது. டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். வேறு மருத்துவர் எது எழுதிக் கொடுத்தாலும் பென்சோ சாப்பிடுவதைச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம்: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அடுத்த வேளை நெருங்கும்போது பதற்றம் ஏறுகிறது. அல்பிரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம். டயசெபாமும் அதிலிருந்து பிறக்கும் பொருளும் நாள்கணக்கில் தங்கும். சீக்கிரம் வடியும் மருந்தில் இரண்டு வேளைக்கு நடுவிலேயே சின்ன அளவில் விலகல் வந்துபோகும். "ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக் குறைக்கிறேன்" என்ற யோசனை தோற்பதும் இதனால்தான். தினமும் ஒரே அளவு, ஒரே நேரம், அந்த அளவைத்தான் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

[திரையில்: 10 – 9 – 8.1 – 7.3 மில்லிகிராம்]

எவ்வளவு சிறிதாக? அமெரிக்காவின் அடிமைநோய் மருத்துவச் சங்கம் பிற மருத்துவ அமைப்புகளோடு சேர்ந்து 2025-இல் தந்த வழிகாட்டல்படி, தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம். டயசெபாம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறவரை எடுத்துக்கொள்வோம். 1 மில்லிகிராம் குறைத்தால் அது 10 சதவீதம். அதே ஆள் 2 மில்லிகிராமுக்கு வந்தபின் 1 குறைத்தால் அது சரிபாதி! கடைசிக் கட்டத்தில் பலர் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். அதனால் அப்போதைக்குச் சாப்பிடும் அளவில்தான் சதவீதம் பார்க்க வேண்டும். 10 சதவீதமாக இறங்கினால் பாதிக்கு வரவே 7 படி ஆகும். படிக்கு 2 வாரம் என்றாலும் மூன்று மாதம் தாண்டும். ஆமாம், பொறுமை வேண்டும். இங்கிலாந்தின் நியூகாஸிலில் 1982 முதல் 1994 வரை பென்சோ விலகலுக்கென்றே மருத்துவமனைப் பிரிவு நடத்திய ஹெதர் ஆஷ்டனும் வேகத்தை நோயாளியே தீர்மானிக்கட்டும் என்றுதான் சொன்னார். ஒரு படி கடினமாக இருந்தால் அங்கேயே சில வாரம் நிற்கலாம். நிற்பது தோல்வி ஆகாது.

சின்ன அளவுகளுக்குத் திரவ மருந்து உதவலாம். சிலருக்கு மருத்துவர் டயசெபாமுக்கு மாற்றுவார். எந்த மருந்தில் எவ்வளவுக்கு எவ்வளவு சமம் என்று சொல்லும் அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, ஆகவே அந்தக் கணக்கை நீங்களே போடாதீர்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நொறுக்கவோ பொடிக்கவோ கூடாது.

சரி, வந்திருப்பது விலகலா, பழைய நோயா? ஒரு நோட்டில் தேதி, டோஸ், தூக்கம், அறிகுறி நான்கையும் எழுதி வாருங்கள். டோஸ் குறைத்த சில நாளில் கிளம்பி, ஏறி, பிறகு தணிந்தால் விலகலாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்பு இல்லாத புதிய அறிகுறிகளும் அப்படித்தான்: வெளிச்சம் கண்ணைக் குத்துவது, சாதாரணச் சத்தம் தாங்காமல் போவது, தோலில் ஊறல். பழைய நோய் திரும்பினால் பழைய முகத்தோடு மெதுவாக வந்து, வாரங்கள் ஆனாலும் தணியாமல் நிற்கும். இரண்டும் கலந்தும் வரலாம், அதனால் நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குறைக்கும்போதே அறிவாற்றல்-நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை, சிபிடி) எடுப்பது, குறிப்பாகத் தூக்கமின்மைக்கானது, உண்மையிலேயே கைகொடுக்கும்.

வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது கேட்பது, ஆள் இடம் தெரியாத குழப்பம், தற்கொலை எண்ணம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் குழப்பத்தில் இருப்பவரால் தானாக உதவி கேட்க முடியாமல் போகலாம்.