'கட்' ஒன்னையே எல்லாத்துக்கும் போடாதீங்க: தோட்டம், சம்பளச் சீட்டு, ரோடு, சமையல்

வணக்கம் மக்களே! மலேசியா, சுங்கை சிப்புட்டுல இருந்து பேசுறேன். பின்னால மழை சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

இன்னைக்கு எடுத்துக்கிட்ட சொல் 'கட்'. தமிழ்ல 'வெட்டு'ன்னு சொல்றோம், மலாய்ல 'போத்தோங்'. மரம் வெட்டுறோம், பழம் வெட்டுறோம், சம்பளத்துல வெட்டிட்டாங்கன்னு சொல்றோம், முன்னாடி போற காடிய, அதாவது கார, போத்தோங் பண்றோம். அதே பழக்கத்துல இங்கிலீஷ்லயும் எல்லாத்துக்கும் 'கட்' போட்டுடுறோம். பாதி இடத்துல சரியா வரும். மீதி இடத்துல கேக்குறவருக்கு வேற அர்த்தம் போய்ச் சேரும்.

முதல்ல நம்ம தோட்டத்துக்கே வருவோம். 'மை ஃபாதர் கட்ஸ் ரப்பர் ட்ரீஸ்'னு இண்டர்வியூவுல சொன்னா, அப்பா மரத்த சாய்க்கிற வேலை பார்க்குறார்னு நினைச்சுக்குவாங்க. பால் எடுக்குறதுக்குச் சொல் 'டேப்'. 'மை ஃபாதர் டேப்ஸ் ரப்பர்', இல்லன்னா 'ஹீ இஸ் எ ரப்பர் டேப்பர்'. ஏன் இதுக்குத் தனிச் சொல்? அந்த வேலை அப்படி. ஜெபோங் கத்திய வெச்சு பட்டைய சாய்வா சீவுறப்போ ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டை போகணும். ஆழமா போயி உள்ள இருக்குற வளர்திசுவத் தொட்டுட்டா அந்த இடம் காயமாகி, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமா வளரும். மறுபடி அங்க கத்தி சரியா ஓடாது. மரம் உயிரோட நின்னு பால் கொடுக்கணும், அதுதான் 'டேப்'.

மறுநடவுக்காகப் பழைய மரத்த சாய்க்கிறதுக்கு 'கட் டவுன்' இல்லன்னா 'ஃபெல்'. இந்த 'ஃபெல்' கொஞ்சம் வம்பு பிடிச்சது. 'த ட்ரீ ஃபெல்'னா மரம் தானா விழுந்துச்சு. 'தே ஃபெல்ட் த ட்ரீ'னா ஆளுங்க சாய்ச்சாங்க. கடைசியில இருக்குற அந்த 'ட்' சத்தத்த முழுங்கிடாதீங்க.

செம்பனையிலயும், அதாவது எண்ணெய் எடுக்குற பனையிலயும், இதே கதைதான். 'கட் த ஃப்ரூட்'னு சொன்னா தட்டுல வெச்சு நறுக்குற மாதிரி கேக்கும். குலைய இறக்குறது 'ஹார்வெஸ்ட்', செய்றவர் 'ஹார்வெஸ்டர்'. குட்டை மரத்துக்கு சிசல், உயரமான மரத்துக்கு நீளக் கம்புல மாட்டுன அரிவாள். பல இடத்துல குலைக்குக் கீழ தாங்கிட்டு இருக்குற மட்டைய முதல்ல எடுத்துட்டு, அப்புறம் குலையோட காம்புல கத்திய வெப்பாங்க. இந்தக் காம்ப அறுக்குற ஒரு அசைவுக்கு மட்டும் 'கட் த ஸ்டாக்'னு தாராளமா சொல்லலாம். காஞ்ச மட்டைய கழிக்கிறது 'ப்ரூன்'. வீட்டு வாசல்ல பூச்செடிக்கும் 'ப்ரூன்'தான். ஓரத்த மட்டும் லேசா சரி பண்ணா 'ட்ரிம்'. புல்லுன்னா, தள்ளுற மெஷின்ல வெட்டுறது 'மோ'. அதுக்கு 'கட் த கிராஸ்'னு சொன்னாலும் தப்பே இல்ல.

அடுத்தது சம்பளம். இங்கதான் ரொம்பக் கவனம் வேணும். சம்பளச் சீட்டுல மலாய்ல 'போத்தோங்ஙான்'னு ஒரு பகுதி இருக்கும். அதப் பார்த்துட்டு 'மை கம்பெனி கட் மை சேலரி'னு சொல்லிடுறாங்க. அதுக்கு அர்த்தம் சம்பளத்தையே குறைச்சுட்டாங்க, அதாவது 'பே கட்'. இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடிக்கிறதெல்லாம் 'டிடக்‌ஷன்'. உங்க அடிப்படைச் சம்பளம் 2,000 ரிங்கிட், தொழிலாளி பங்கு 11 விழுக்காடுன்னு வெச்சுக்குங்க. இபிஎஃப்புக்கு 220 ரிங்கிட் போகும். சொல்ல வேண்டியது: 'டூ ஹண்ட்ரட் அண்ட் ட்வென்ட்டி ரிங்கிட் இஸ் டிடக்டெட் ஃப்ரம் மை சேலரி'. 'ஃப்ரம்' விட்டுப் போகக் கூடாது. பிடிச்சது போக கைக்கு வர்றது 'நெட் பே'. மேனேஜர்கிட்ட லெட்டர் எழுதி ஏதாவது கேக்கப் போறீங்கன்னா இந்த வித்தியாசம் உங்க பக்க நியாயத்தையே மாத்திடும். சம்பளம் குறைஞ்சிருக்குன்னு கேக்குறதும், பிடித்தம் ஏன் கூடிருக்குன்னு கேக்குறதும் வேற வேற கேள்வி.

ரோட்டுக்கு வாங்க. முன்னாடி போற லோரிய முறையா தாண்டிப் போனா 'ஓவர்டேக்'. 'ஐ கட் த லோரி'னு போலீஸ் ரிப்போர்ட்ல எழுதுனா ஒன்னும் புரியாது. ஒருத்தர் திடீர்னு உங்க மூஞ்சிக்கு முன்னால காடிய நுழைச்சா மட்டும் 'ஹீ கட் மீ ஆஃப்'. ஓவர்டேக் பண்றது தப்பில்ல, கட் ஆஃப் பண்றது ஆபத்து. வரிசையில நடுவுல நுழைஞ்சா நாம 'கட் கியூ'ன்னு சொல்றோம், இங்க எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரர்கிட்ட 'ஜம்ப் த கியூ'ன்னு சொல்லிப் பழகுங்க.

சமையல்ல சீக்கிரமா போயிடுறேன். இந்த வெங்காயத்தப் பாருங்க. வட்ட வட்டமா மெல்லிசா வந்தா 'ஸ்லைஸ்'. இப்படிக் கண்டபடி துண்டாக்குனா 'சாப்'. சின்னச் சதுரமா வந்தா 'டைஸ்'. பூண்டு இவ்வளவு பொடியா வந்தா 'மின்ஸ்'. முட்டைக்கோஸ நீட்ட நீட்டமா சீவுனா 'ஷ்ரெட்'. சர்க்கரைய குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னா அது 'கட் டவுன் ஆன் ஷுகர்', 'ஆன்' சேர்த்துச் சொல்லிப் பழகுங்க. அறவே நிறுத்தச் சொன்னா 'கட் அவுட் ஷுகர்'. கிளினிக்ல இந்த ரெண்டையும் சரியா காதுல வாங்கிக்குங்க.

முடி வெட்டுறதுக்கு 'ஐ காட் எ ஹேர்கட்'. ஃபோன் பேச்ச நீங்களே முடிச்சு வெச்சுட்டா 'ஐ ஹங் அப்'. லைன் தானா போயிட்டா 'வி காட் கட் ஆஃப்'.

எஸ்.பி.எம்., அதாவது அஞ்சாம் படிவப் பரீட்சை எழுதுற பிள்ளைங்களுக்கு ஒன்னு. 2021-ல இருந்து இங்கிலீஷ்ல நாலு தாள், ரெண்டாவது எழுத்து, மூணாவது பேச்சு. ரெண்டுலயும் சொல்வளத்துக்கு மார்க் இருக்கு. 'கட்' எழுதப் போற ஒவ்வொரு தடவையும் என்னத்த வெட்டுறோம், வெட்டுன பிறகு அது என்ன ஆகுதுன்னு கேளுங்க. துண்டாகுதா, அளவு குறையுதா, நின்னு போகுதா? சரியான சொல் தானா வந்து நிக்கும். அப்புறம், 'கட்டட்'னு ஒரு சொல்லே கிடையாது. நேத்து வெட்டுனதும் 'கட்'தான், 'யெஸ்டர்டே ஐ கட் மை ஃபிங்கர்'. 'கட்டிங்'னு எழுதும்போது 'டி' எழுத்து ரெண்டு வரும்.

அடுத்த வீடியோவுல 'சென்ட்' பார்ப்போம். பிள்ளைய ஸ்கூல்ல கொண்டு போய் விடுறதுக்கு அது எப்ப சரி, எப்ப 'டிராப்' சொல்லணும்னு விவரமா பேசுறேன்.