கேமரூன் அணியும் ஐந்து வெற்றிகளும்

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்க நாடுகளிலேயே மிக அதிகமாக, எட்டு முறை உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆடிய அணி கேமரூன். 2022 வரை அது ஆடிய 26 ஆட்டங்களில் வெற்றி ஐந்து, சமன் எட்டு, தோல்வி பதின்மூன்று. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது எளிய கணக்காகத் தோன்றலாம். ஆனால் அந்த எட்டுச் சமன்களில் முதல் மூன்றை நான் வெற்றிகளுக்கு இணையாகவே மதிக்கிறேன்.

1982இல் ஸ்பெயினில் முதன்முறையாகக் களமிறங்கிய கேமரூன், பெருவுடனும் போலந்துடனும் கோலின்றியும், இத்தாலியுடன் 1-1 என்றும் சமன் செய்தது. கோல்கீப்பர் தோமா இன்கோனோ மூன்று ஆட்டங்களிலும் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கோல். இத்தாலியும் மூன்று ஆட்டங்களையும் சமனே செய்திருந்தது. ஆயினும் கேமரூனைவிட ஒரு கோல் கூடுதலாக அடித்திருந்ததால் அடுத்த சுற்றுக்குச் சென்று, இறுதியில் கோப்பையையும் வென்றது. தோல்வியே காணாத கேமரூன் நாடு திரும்ப நேர்ந்தது.

1990 ஜூன் 8 அன்று மிலான் நகரில், நடப்புச் சாம்பியனான அர்ஜென்டினாவுக்கு எதிராக 61ஆம் நிமிடத்தில் கேமரூன் வீரர் கானா பியிக் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அடுத்த சில நிமிடங்களில் அவருடைய சகோதரர் ஒமாம் பியிக் உயர எழும்பித் தலையால் முட்டிய பந்து, கோல்கீப்பர் பும்பிதோவின் கைகளில் பட்டு நழுவி வலைக்குள் புகுந்தது. பின்னர் இன்னொருவரும் வெளியேற்றப்பட, ஒன்பது பேராக நின்று அந்த 1-0 முன்னிலையைக் காத்தார்கள். அடுத்து ருமேனியாவையும் வென்றார்கள். கொலம்பியாவுக்கு எதிராக 38 வயது ரொஜே மில்லா கூடுதல் நேரத்தில் இரண்டு கோல்கள் அடிக்க, காலிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணியானது கேமரூன். அங்கே 83ஆம் நிமிடம் வரை இங்கிலாந்தை 2-1 என முந்தியிருந்து, இரண்டு பெனால்டிகளால் 3-2 என்று தோற்றது. அடுத்த உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கான இடங்கள் இரண்டிலிருந்து மூன்றாக உயர்ந்தன.

அதன்பின் உலகக் கோப்பையில் கிடைத்த வெற்றிகள் இரண்டே: 2002இல் சவூதி அரேபியா, 2022இல் பிரேசில். இத்தனைக்கும் 2000 ஒலிம்பிக் தங்கமும், ஐந்து ஆப்பிரிக்கக் கோப்பைகளும் வென்ற அணி இது. திறமைக்குப் பஞ்சமில்லை, சீரான நிர்வாகம்தான் அமையவில்லை என்பது என் கருத்து. 2014இல் ஊக்கத்தொகைத் தகராறால் வீரர்கள் பிரேசிலுக்கு விமானம் ஏறவே மறுத்தார்கள். தாமதமாகச் சென்றவர்கள் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பினார்கள்.