நெஞ்சைக் கண்டு அஞ்சாதீர்கள்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஞாயிறு காலைக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கும் தம்பிகள் முன்னால் வாருங்கள், நாற்காலி இருக்கிறது.

அரசாங்க மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள் நான். அதில் 9 ஆண்டுகள் அவசரப் பிரிவு. இரவு ஷிப்டில் அடிக்கடி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். விரல் மரத்துப்போச்சு, உதட்டைச் சுற்றி எறும்பு ஊருது என்பார். "சிஸ்டர், உயிரே போகுது" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். இசிஜி எடுப்போம், இரத்தம் எடுப்போம். எல்லாம் சரியாக இருக்கும். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுவோம். நானும் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பலருக்கு வந்தது பீதித் தாக்குதல், பேனிக் அட்டாக் என்பார்களே, அது. அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பது எனக்கே வந்தபோதுதான் புரிந்தது.

2017இல் அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வங்சா மாஜுவிலிருந்து எல்ஆர்டியில் வந்துகொண்டிருந்தேன். அம்பாங் பார்க் தாண்டி, பூமிக்கடியில் ரயில் போகிறது. திடீரென்று நெஞ்சு திம் திம்மென்று அடிக்கிறது. மூச்சு உள்ளே போகவில்லை. சுற்றி இருப்பவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பது போல் தெரிந்தார்கள். கேஎல்சிசியில் இறங்கி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் முடித்து ஓர் இளம் டாக்டர் சொன்னார்: "ஆன்ட்டி, ஒன்றுமில்லை." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றுமில்லாததற்கா என் உடம்பு அந்தப் பாடு பட்டது?

அதன்பின் ரயில் ஏறவில்லை. பிறகு பேருந்தும் வேண்டாம் என்றானது. பிறகு பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கூட்டமும் வேண்டாம் என்றானது. இரண்டே மாதத்தில் என் உலகம் அடுக்குமாடி வீட்டுக்குள் சுருங்கிவிட்டது.

நடந்தது என்னவென்று நிதானமாகச் சொல்கிறேன். ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியில் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்தம் குடலை விட்டுவிட்டுத் தசைக்குப் பாய்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோமே, அந்த இடம் இதுதான். நா வறள்வதும் கை கால் உதறுவதும் இதோடு சேர்ந்தவை.

மூச்சுக்கு வருவோம். வேகமாக மூச்சு விட விட, கரியமிலவாயு தேவைக்கு மேல் வெளியேறுகிறது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, உலகம் கனவு மாதிரி ஆகிறது. நரம்புகள் சட்டென்று தூண்டப்படுகின்றன. விரலும் உதடும் மரத்துப்போகின்றன. மூச்சுப் போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் இழுக்கிறோம், இன்னும் மோசமாகிறது. கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பலர் வீட்டில் இருக்கும். அந்த நேரத்தில் மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் 98, 99 என்றுதான் காட்டும். ஆக்ஸிஜன் குறையவே இல்லை. மயங்கி விழுந்துவிடுவேனோ என்ற பயமும் அப்படித்தான். மயக்கம் வர இரத்த அழுத்தம் இறங்க வேண்டும். இந்தப் படபடப்பில் அது ஏறுகிறது. ஊசியையோ இரத்தத்தையோ பார்த்தால் விழுகிறவர்கள் தனி ரகம். திடகாத்திரமான இளைஞர்களை அப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

பள்ளியில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாடுகளைப் படித்தது நினைவிருக்கும். மனத்தில் எழுவது மெய்யில் தெரிவதால் மெய்ப்பாடு. எட்டில் ஒன்று அச்சம். அது பிறக்கும் இடம் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, அதாவது வருத்தும் தெய்வம்; விலங்கு; கள்வர்; இறை, அதாவது அரசன் போன்ற தலைவர். அன்று அந்த ரயில் பெட்டியில் இந்த நான்கில் எதுவும் இல்லை. என் நெஞ்சு அடித்ததைக் கண்டு நானே அஞ்சினேன். அஞ்ச அஞ்ச அது இன்னும் அடித்தது. உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் இதைத்தான் எழுதினார்: சாதாரண உடல் உணர்வை உயிர்போகும் அறிகுறியாகப் படிப்பதால் பீதி சுழன்று சுழன்று வளர்கிறது.

ஆனால் ஒன்று. முதல் தடவை நெஞ்சு வலித்தால் என் பேச்சை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். 999ஐ அழையுங்கள். வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், நடந்தால் கூடினால், முன்பு வந்தது போல் இல்லாமல் புதிதாக இருந்தால், மீண்டும் போங்கள். தைராய்டு, இரத்தசோகை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதயம் நலம் என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகுதான் நான் பேசுவது உங்களுக்கு.

என்னைத் திருப்பியது ஒரு மனநலப் பயிற்சியாளரின் அறை. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அக்கா, ஒரு நிமிடம் வாயால் வேகமாக மூச்சு விடுங்கள்" என்றார். விட்டேன். விரல் மரத்தது, தலை சுற்றியது, சுவர் தள்ளிப்போனது. ரயிலில் சாகிறேன் என்று நினைத்தேனே, அதே அறிகுறிகள்! நானே வரவழைத்தேன், மூச்சு அடங்கியதும் அவையும் அடங்கின. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். இதை ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாகச் செய்யக்கூடாது. துணையோடு செய்வதே யாருக்கும் நல்லது.

ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸுக்கு இளவயதில் காசநோய் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்தில் தொடங்கிய நெஞ்சுப் படபடப்பு நிற்கவே இல்லை. முதல் உலகப்போரில் இருந்து வந்த நண்பர் ஒருவர், "போர்முனையில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்தது" என்ற பொருள்படச் சொன்னதும் அவருக்குப் புரிந்தது. பின்னாளில் நோயாளிகளுக்கு அவர் சொன்ன வழி நான்கு சொல்: எதிர்கொள், ஏற்றுக்கொள், மித, காலம் ஓடட்டும். நீச்சல் தெரிந்தவர்களுக்கு மிதப்பது புரியும். விறைத்தால் தண்ணீர் இழுக்கும், தளர்ந்தால் தாங்கும்.

பீதியின் உச்சம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் வந்துவிடும், பிறகு இறங்கும். அதுவரை தோளைத் தளர்த்தி, மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். அதை விரட்டுவதற்காகச் செய்யாதீர்கள்; அது இருக்கட்டும், நீங்களும் இருங்கள்.

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்தில், கேளுங்கள். சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. மாத்திரை கொடுத்தால் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பாதியில் நிறுத்தாதீர்கள், பக்கத்து வீட்டுத் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி எண் 15555 இருக்கிறது. கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்வதை நான் தடுக்கமாட்டேன். அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் இருப்பவர்களும் "தைரியமா இரு" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது வந்துட்டுப் போயிடும், நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

நான் மறுபடி ரயில் ஏறியது ஒரே ஒரு நிலையத்துக்கு, கணவர் பக்கத்தில் நிற்க. அடுத்த வாரம் அவர் வேறு பெட்டியில். அதற்கடுத்து அவர் பிளாட்பாரத்தில். இன்று காலை தனியாகத்தான் வந்தேன். கேஎல்சிசியில் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அடிக்கட்டும் என்று கம்பியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மஸ்ஜிட் ஜாமெக் தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு ஏறியபோதும் கொஞ்சம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து வந்தேன்.

இனி நீங்கள் கேளுங்கள். மேடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள்.