செங்கோட்டைக்கு மூன்று புத்தாண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர். எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் எல்லாம் மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும். அந்த ஆண்டு நம் ஆவணி மாதத்தில், மலையாளத்துச் சிங்கம் மாதத்தின் முதல் நாளில் பிறக்கிறது. அதற்கு முன்னால் சித்திரை ஒன்று. அதற்கும் முன்னால் ஜனவரி ஒன்று. ஆக, வருடத்துக்கு மூன்று புத்தாண்டு. புத்தாண்டுத் தீர்மானம் எடுப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்குப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் புரிந்தது.

மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பேரன் அங்கே மலையாளத்தில் படிக்கிறான். ஒரு நாள் தன் கட்டுரை நோட்டை எடுத்து வந்து, "ஆச்சி, வாசிங்க" என்று மடியில் வைத்தான். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த நோட்டில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது.

அந்த ஜனவரி முதல் தேதி, இனிமேல் தினமும் ஒரு மலையாள நாளிதழை முழுதாகப் படிப்பது என்று முடிவெடுத்தேன். பொங்கலுக்குள் பிரிக்காத நாளிதழ்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. பேரன் வந்தபோது அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

சோம்பல்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி உடம்பில் தெம்பு இருந்தது, வீட்டில் அவசர வேலை எதுவும் இல்லை. அந்த ஒரு நாளை வைத்து 365 நாளுக்கும் கணக்குப் போட்டுவிட்டேன். காய்ச்சல் வரும் நாளும் விருந்தாள் வரும் நாளும் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

எங்கள் பக்கம் கார்த்திகை பிறந்தால் தெருவுக்குப் பத்துப் பேராவது மாலை போடுவார்கள். ஆரியங்காவு ஐயப்பன் எங்களுக்குக் கூப்பிடு தூரம். எத்தனை வருடம் சொல்லியும் பீடியை விடாதவர் அந்த 41 நாள் தொடமாட்டார். பக்திதான் முதல் காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த விரதம் அமைந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். முடியும் நாள் முதலிலேயே தெரிகிறது. காலையும் மாலையும் குளியல், செருப்பு கிடையாது என்று செய்ய வேண்டியது துல்லியமாக இருக்கிறது. உடுப்பைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிகிறது. பழக்கத்தில் கை நீட்டினால்கூடக் கடைக்காரரே, "சாமி, மாலை போட்டிருக்கீங்களே" என்பார். மாலையைக் கழற்றியதும் சிலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். விரதத்தைக் குறை சொல்ல முடியாது. 42-ஆம் நாளுக்கு அவர்கள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, நாமும் 41 நாளே வைத்துக்கொள்வோம் என்று சித்திரை ஒன்றாம் தேதி மறுபடி தொடங்கினேன். நாளுக்கு ஓர் எழுத்து. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து முறை எழுத வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் முடிகிற அளவு அது. விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரண்டு எழுத்து என்று ஏற்றிக்கொள்வதில்லை என்பதையும் முதலிலேயே முடிவு செய்தேன். கடன் ஏறினால் நான் ஓடிவிடுவேன் என்பது நாளிதழ்க் கட்டில் தெரிந்துபோயிருந்தது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன்தான் திருத்தினான். நாம் ஒரே 'க' வைத்துச் சமாளிப்பதற்கு அவர்களிடம் நான்கு எழுத்து. அதில் மூன்றாவதையும் நான்காவதையும் நான் குழப்பும்போதெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்தான்.

41 நாளில் 35 எழுத்து வந்தது. ஆறு நாள் போயிற்று. ஆவணி ஒன்று, கொல்லம் புத்தாண்டு அன்று அடுத்த 41 நாளைத் தொடங்கினேன். விடுபட்ட எழுத்துகள், உயிர்மெய்க் குறிகள், அப்புறம் சில்லெழுத்துகள். நாம் புள்ளி வைத்து எழுதும் ல், ள், ர், ன், ண் ஆகியவற்றுக்கு அங்கே தனி வடிவம் உண்டு. புள்ளியைத் தேடித் தேடியே எனக்கு ஒரு வாரம் போனது.

புரட்டாசியில் ஒரு நாள் புனலூருக்கு ரயில் ஏறினேன். 2010-இல் நின்றுபோய், 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்த ரயில் அது. ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று வாயால் ஆயிரம் முறை சொன்ன பெயர்கள், பலகையில் எழுத்தாக வந்துகொண்டே இருந்தன. ஒற்றக்கல் நிலையத்தில் கடைசி 'ல்' கண்ணில் பட்டது. புள்ளி இல்லாத 'ல்'. பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "ஒற்றக்கல், ஒற்றக்கல்" என்று இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

கூட்டெழுத்துகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. இந்த ஜனவரி ஒன்றாம் தேதி 41 தாள் வெட்டித் துளைபோட்டு, நூலில் கோத்து, அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இன்று சாயங்காலம் எழுத வேண்டியது 'க்ஷ'.

வணக்கம்.