விற்காத இசைத்தட்டுகள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது பிலிப் கிளாஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரைப் பற்றி. அவரிடம் போவதற்கு முன்னால் அவருடைய அப்பாவின் கடைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

1940கள். பால்டிமோர் நகரம். பென் கிளாஸ் என்பவர் ரேடியோ பழுதுபார்க்கிறார், இசைத்தட்டும் விற்கிறார். சங்கீதம் முறையாகப் படித்தவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடையில் விலைபோகாமல் தேங்கிக் கிடக்கும் தட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து, ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பார். இது ஏன் விற்கவில்லை, இதில் என்ன குறை என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி வந்து சேர்ந்தவை பார்டோக், ஸ்ட்ராவின்ஸ்கி, ஷோஸ்தகோவிச் போன்றவர்களின் புதிய இசை. குறையைத் தேடித் திரும்பத் திரும்பக் கேட்டதில், கடைசியில் அவருக்கே அவை பிடித்துப்போய்விட்டன. தூங்கப் போயிருக்க வேண்டிய மகன் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த மகன்தான் பிலிப். பிறந்தது 1937 ஜனவரி 31. பிற்பாடு அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் "எல்லைகளைத் தாண்டியவர்" என்று சொல்லியிருக்கிறார்கள். செவ்வியல் இசையிலிருந்து ராக் பக்கம் போனார், சினிமாவுக்குப் போனார், இந்திய இசையைத் தொட்டார் என்று பட்டியல் போடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாண்டுவதற்கு முதலில் வேலி இருக்க வேண்டும். அந்தக் கடையில் எல்லா இசையும் ஒரே கல்லாவுக்குத்தான் வந்தது. பிடிக்காததையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்ற பாடம் அவருக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் புல்லாங்குழல் கற்றார். 15 வயதில் சிகாகோ பல்கலைக்கழகம், அங்கே கணிதமும் தத்துவமும். இரும்பாலையில் வேலை செய்து பணம் சேர்த்து நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் சேர்ந்தார். 1964இல் பாரிஸுக்குப் போய் நாடியா பூலாஞ்ஜே என்ற பேராசிரியையிடம் இரண்டு ஆண்டு. அவர் பெயரைக் கேட்டாலே நடுங்கிய மாணவர்கள் உண்டு. பாக், மோட்சார்ட் என்று அடித்தளத்திலிருந்து திரும்பக் கட்ட வைத்தார்.

அந்தப் பாரிஸில்தான் அவருடைய வாழ்க்கை திரும்பியது. பண்டிட் ரவிசங்கர் ஒரு படத்துக்கு இசையமைக்க அங்கே வந்திருந்தார். கூட தபலா மேதை அல்லா ரக்கா. வாசிக்கப்போகிறவர்கள் பிரெஞ்சு இசைக்கலைஞர்கள். தாளில் எழுதிக் கொடுத்தால்தான் அவர்களால் வாசிக்க முடியும். ரவிசங்கர் பாடிக் காட்டுவதை எழுதித் தரும் வேலை கிளாஸுக்கு வந்தது. எழுதினார். வாசித்தார்கள். சரியில்லை என்றார் அல்லா ரக்கா. அழுத்தம் விழக்கூடாத இடத்தில் விழுகிறது. தாளில் ஸ்வரங்களைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகளை மாற்றிப் போட்டு எழுதினார், அப்போதும் சரியில்லை. எல்லா ஸ்வரமும் சமம் என்று அல்லா ரக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசியில், வேறு வழி தெரியாமல், தாளில் இருந்த செங்குத்துக் கோடுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் கிளாஸ்.

மேற்கத்திய இசைத்தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலு நாலாகவோ மூன்று மூன்றாகவோ கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். கோடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கை தானாக ஓர் அழுத்தம் கொடுக்கும். கோடு போனதும் அவர் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. இரண்டும் மூன்றுமான சிறு அலகுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்டு போகின்றன. நம் ஊரில் மிருதங்கம் கற்கும் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும் விஷயம். அவருக்கு அது 28, 29 வயதில், பெரிய இசைப்பள்ளிகளைத் தாண்டி வந்த பிறகு கிடைத்தது. கிடைத்ததை அவர் விடவே இல்லை.

நியூயார்க் திரும்பியதும் 1968இல் 'டூ பேஜஸ்' என்று ஓர் உருப்படி எழுதினார். அதன் முதல் பகுதியை இப்போது நாம் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். மேசை இருந்தால் விரலால் தட்டுங்கள், தொடையில் தட்டினாலும் சரி. மொத்தம் ஐந்தே ஸ்வரம். கீழ்ப் பஞ்சமம், அப்புறம் ஸ, ரி, க, ம. ப ஸ ரி க ம. இதை ஒரே வேகத்தில் பல முறை. மிருதங்கக்காரர்களின் தாளச் சொற்களான ஜதியில் சொன்னால் தகதகிட, தகதகிட. அடுத்து, ஐந்துக்குப் பின்னால் முதல் நாலை மட்டும் சேர்க்கிறார்: தகதகிட தகதிமி. இதுவும் பல முறை. அடுத்து மூன்று: தகதகிட தகதிமி தகிட. அடுத்து இரண்டு: தகதகிட தகதிமி தகிட தக.

ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இதற்குள் பெயர் சொல்லியிருப்பீர்கள். கோபுச்ச யதி. பசுவின் வால் மாதிரி மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே குறுகி வருவது. அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கோட்டை அழித்துவிட்டு எண்ணத் தொடங்கினால் யாரும் வந்துசேரக்கூடிய இடம் அது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கச்சேரியில் தாளவாத்தியக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இப்படிக் குறுகி வந்தால், அது ஒரு தீர்மானத்தை, அதாவது முடிவு வாசிப்பை, நோக்கித்தான் வரும். தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழும்போது சபையே தலையாட்டும். கிளாஸின் உருப்படியில் அந்தச் சமம் வருவதில்லை. குறுகியது மறுபடி விரிகிறது, வேறு மாதிரி நீள்கிறது, கால் மணி நேரத்துக்கும் மேல் போகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்குத் தவிப்பாகத்தான் இருந்தது. எங்கே வந்து நிற்கும், எங்கே நிற்கும் என்று கை தேடிக்கொண்டே இருந்தது. தேடுவதை விட்டபோதுதான், ஒரே ஒரு ஸ்வரம் கூடினால்கூட மொத்த நடையும் எப்படிச் சாய்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். நதியைப் பார்ப்பது மாதிரி. அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா?

இந்த இசையை அன்றைக்கு எந்த சிம்பொனிக் குழுவும் வாசிக்க முன்வரவில்லை. அதனால் தானே ஒரு குழு அமைத்தார். மின் ஆர்கன், சாக்ஸபோன், புல்லாங்குழல், ஒரு குரல், கூடவே ராக் கச்சேரி மாதிரி பலமான ஒலிபெருக்கி. வாசித்த இடங்கள் ஓவியக் கூடங்களும் ஓவியர்கள் குடியிருந்த பழைய தொழிற்கூட மாடிகளும். ஆம்ஸ்டர்டாமில் ஒருமுறை கோபம் வந்த ரசிகர் ஒருவர் மேடை ஏறி விசைப்பலகையைத் தாறுமாறாகத் தட்டியிருக்கிறார். கிளாஸ் ஒரு கையால் அவருடைய தாடையில் ஓங்கி விட்டு, மற்ற கையால் வாசிப்பைத் தொடர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

வயிற்றுப்பாட்டுக்கு? வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கினார், குழாய் வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வீட்டுக்காரர் டைம் பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். நீங்கள் கலைஞர் ஆயிற்றே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று அதிர்ந்துபோய்க் கேட்டிருக்கிறார். கலைஞன்தான், சில சமயம் குழாய் வேலையும் செய்வேன், என்னைக் கொஞ்சம் விட்டால் முடித்துவிடுவேன் என்றாராம் இவர். இதை ஏழைக் கலைஞனின் கண்ணீர்க் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அவர் அப்படிச் சொன்னதும் இல்லை. பிறர் தயவை எதிர்பார்க்காமல், தான் நினைத்த இசையை மட்டும் எழுதுவதற்கு அவர் கொடுத்த விலை அது.

1976இல் நாடகக் கலைஞர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' என்ற ஓபராவை, அதாவது மேடை இசை நாடகத்தை, உருவாக்கினார். கதை கிடையாது. சுமார் ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது. பார்வையாளர்கள் விருப்பப்படி எழுந்து போகலாம், வரலாம். பாடகர்கள் பாடும் சொற்கள் பெரும்பாலும் எண்களும் ஸ்வரப் பெயர்களும்தான். ஜூலையில் பிரான்சின் அவிஞோன் விழாவில் அரங்கேறி, நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. இருக்கைகள் நிரம்பின. ஆனாலும் கையில் மிஞ்சியது சுமார் 1 லட்சம் டாலர் கடன். மறுபடி டாக்சி. அப்போது வண்டியில் ஏறிய ஒரு பெண்மணி அவருடைய ஓட்டுநர் அட்டையைப் பார்த்துவிட்டு, தம்பி, உன் பெயரில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் இருக்கிறார், தெரியுமா என்று கேட்டாராம். 41 வயதில்தான் அவர் அந்த வேலையை விட்டார்.

விடவைத்தது ராட்டர்டாம் நகரிலிருந்து வந்த அழைப்பு. அதற்காக எழுதியதுதான் 'சத்தியாகிரகா'. 1980 செப்டம்பர் 5ஆம் தேதி அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தி இருந்த காலம் பற்றியது. பாடப்படும் சொல் முழுவதும் பகவத்கீதை சுலோகங்கள், சமஸ்கிருதத்திலேயே. தொடக்கத்தில் காந்தி பாடுவது, இரு படைகளுக்கு நடுவே நின்று போருக்கு வந்தவர்களை அர்ச்சுனன் பார்க்கும் இடம். டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் மூவரும் ஆளுக்கு ஓர் அங்கத்தின் பின்னணியில் வாய் பேசாமல் நிற்கிறார்கள். இசைக்குழுவில் பித்தளை வாத்தியம் இல்லை, தாளவாத்தியமும் இல்லை.

மூன்றாம் அங்கம் 1913ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நியூகேஸிலிலிருந்து காந்தி நடத்திய நடைப்பயணம். அந்தப் பயணத்தில் நடந்த சுரங்கத் தொழிலாளர்களில் பலர் தமிழர்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, வெளியே வந்த சில நாட்களில் இறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. மேடையில் அவர் பெயர் வருவதில்லை. ஆனால் அந்த அங்கத்தை நான் கேட்கும்போதெல்லாம் அவர் நினைவு வராமல் இருப்பதில்லை.

கடைசிப் பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். மேடையில் காந்தி தனியாக. கீதையின் நாலாம் அத்தியாயம், எத்தனையோ பிறவிகள் கடந்துவிட்டன என்று கண்ணன் சொல்லும் இடம். பாடுவது வெறும் ஆரோகணம். ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறுகிறது, முடிகிறது, மறுபடி கீழிருந்து ஏறுகிறது. கூர்ந்து கேட்டால் அவை தோடியின் ஸ்வரங்கள். கமகம், அதாவது ஸ்வரங்களின் அசைவு, இல்லாத தோடி. தோடிக்கு உயிரே கமகம்தானே என்று நீங்கள் கேட்பது நியாயம். இது தோடி ராகம் இல்லை, ஐரோப்பியர்கள் பிரிஜியன் என்று சொல்லும் பழைய ஸ்வரவரிசை. ஆனாலும் அடுத்தடுத்து அதே படிகளில் ஏறும் அந்தக் குரலைக் கேட்கும்போது, ஒரு மனிதர் களைக்காமல் நடந்துகொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

அதற்கப்புறம் கதவுகள் திறந்துகொண்டன. 1984இல் எகிப்திய மன்னரைப் பற்றிய 'அக்னாட்டன்' ஓபரா. ஸ்டுட்கார்ட் ஓபரா அரங்கில் பராமரிப்பு வேலை நடந்ததால் சின்ன அரங்குக்கு மாற வேண்டியிருந்தது. வாத்தியக்காரர்களுக்கு இடம் போதவில்லை. வயலின்களை மொத்தமாக எடுத்துவிட்டார். அந்த இசையின் கருமையான நிறம் அப்படி வந்ததுதான். 1990இல் ரவிசங்கரோடு சேர்ந்து ஓர் இசைத்தொகுப்பு. 1992இல் ராக் பாடகர் டேவிட் போவியின் தொகுப்பு ஒன்றை எடுத்து சிம்பொனி ஆக்கினார். திரைப்படங்களுக்கு எழுதியதில் மூன்று முறை ஆஸ்கர் பரிந்துரை. பட இசையில் சில இடங்களில் அவர் தன்னையே திரும்பச் சொல்கிறார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் 'கொயானிஸ்காட்சி' படத்தில் மேகங்களும் நெடுஞ்சாலைகளும் ஓடும்போது அந்த இசையை எடுத்துவிட்டால் படமே நின்றுவிடும்.

இன்றிரவு ஒன்றை மட்டும் கேட்க நேரம் இருக்கிறது என்றால், அவருடைய முதல் வயலின் கச்சேரிப் படைப்பை, அதாவது தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோவை, கேளுங்கள். 1987இல் எழுதியது. பென் கிளாஸுக்கு வயலின் கச்சேரிப் படைப்புகள் என்றால் உயிர். 1971இல் அவர் இறந்துபோனார். மகனின் எந்தப் பெரிய அரங்கேற்றத்தையும் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பிடிக்கும்படி ஒன்று எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் அதை எழுதியதாக கிளாஸ் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பகுதியில் கீழே ஒரே வரி இறங்கி இறங்கித் திரும்ப வந்துகொண்டிருக்கும். அதன் மேல் வயலின் மெதுவாக, அவசரமே இல்லாமல் தொடங்கும். ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு, விளக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.