காதுக்குப் பழகாத அரபு

நேயர்களுக்கு வணக்கம்.

வட இஸ்ரேலில் வாழும் பாலஸ்தீனக் குழந்தைக்குப் பள்ளிப் பை வீட்டில் ‘ஷன்தா’. பாடப் புத்தகத்தில் அதுவே ‘ஹகீபா’. வீட்டுக்கு அம்மா சொல்லும் பெயர் ‘பேத்’, புத்தகத்தில் ‘பைத்’. தாய்மொழியும் அரபு, பாடமும் அரபு. ஆனாலும் படிக்கத் தொடங்கும்போது பிள்ளை திணறுகிறது.

இந்த நிலைக்கு இரட்டை வழக்கு என்று பெயர். 1959-ல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன், தமிழும் இதில் அப்படியே பொருந்தும் என்று அதே கட்டுரையில் குறிப்பிட்டார். ‘வந்துட்டான்’ என்று பேசி ‘வந்துவிட்டான்’ என்று எழுதுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அரபில் இடைவெளி எவ்வளவு? எலினோர் சயிக்-ஹத்தாத், பெர்னார்ட் ஸ்போல்ஸ்கி இருவரும் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பேச்சிலிருந்து சொற்களைத் திரட்டி எழுத்து வழக்கோடு ஒப்பிட்டார்கள். 2014-ல் வந்த முடிவு இது: இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தவை ஏறக்குறைய 21 சதவீதம். ‘பேத்–பைத்’ போல உருத் திரிந்தவை 40 சதவீதம் அளவில். மீதிக்கு எழுத்து வழக்கில் வேறு சொல்லே இருந்தது.

இதில் திரிந்த சொற்கள்தாம் அதிகம் ஏமாற்றும். பனிக்கட்டிக்கான சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்து வழக்கில் அதன் முதல் ஒலி, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடும் ஒலி. நம்மூரில் பலர் ‘ஸ’ என்று ஓதிவிடுவது. அந்த வட்டாரத்து நகரப் பேச்சில் அது வெறும் ‘த’. சொல் ‘தல்ஜ்’ ஆகிவிடும். சோதனை எளிது. சொல்லைச் சொல்லி, முதல் ஒலியை மட்டும் பிரித்துச் சொல்லச் சொல்வார்கள். பேச்சில் உள்ள ஒலியைவிட, பேச்சில் இல்லாத ஒலியைப் பிரிப்பதில் பிள்ளைகள் கூடுதலாகத் தடுமாறுவதை சயிக்-ஹத்தாத் 2003-லேயே காட்டினார். ஆகவே ‘த’ என்று பதில் சொல்லும் பிள்ளைக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டக் கூடாது. அந்த ஒலிக்கு அதன் மனதில் இன்னும் இடம் ஒதுங்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது எழுத்து. சொல்லின் நடுவே ஒரு சிறு பல் போன்ற மேடு. கீழே ஒரு புள்ளி இட்டால் ‘பா’, மேலே ஒன்று இட்டால் ‘நூன்’, மேலே இரண்டு ‘தா’, கீழே இரண்டு ‘யா’, மேலே மூன்று என்றால் நாம் பார்த்த அந்தப் பல்லிடுக்கு ஒலி. ஒரே மேடு, ஐந்து எழுத்து! ஹைஃபாவில் ரபீக் இப்ராஹிம், ஸோஹர் எவியத்தார் முதலானோர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், அரபைத் தாய்மொழியாகவும் ஹீப்ருவை இரண்டாம் மொழியாகவும் கொண்ட வளரிளம் மாணவர்கள் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி வரிசைப்படுத்தினார்கள். வாயால் சொன்னபோது அரபிலும் ஹீப்ருவிலும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தாளில் பார்த்துக் கோடு போட்டு இணைத்தபோது அரபில் பின்தங்கினார்கள். தாமதம் வரிவடிவத்தைக் கண்டுபிடிப்பதில்தான் என்பது அதிலிருந்து தெரிகிறது.

குறில் உயிர்களைக் காட்ட எழுத்தின் மேலும் கீழும் இடும் உயிர்க்குறிகளை எடுத்துவிட்டால் இன்னொரு சிக்கல். க-த-ப என்ற மூன்று மெய்கள் ‘கதப’ என்றால் எழுதினான், ‘குதிப’ என்றால் எழுதப்பட்டது, ‘குதுப்’ என்றால் புத்தகங்கள். புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். சொல்லை முன்பே அறிந்தவரால்தான் சரியாக வாசிக்க முடியும். தொடக்க வகுப்புகளில் இருக்கும் குறிகள் பிறகு விலகும்போது, சொல்வளம் குறைந்த பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

எழுத்துப் பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. முதலில் காது பழக வேண்டும். எழுத்து வழக்கு சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் பரவலாக இருந்தது. டினா ஃபெயிடெல்சனும் சக ஆய்வாளர்களும் மழலையர் வகுப்புகளில் ஐந்து மாதம் எழுத்து வழக்கிலேயே கதைகளை வாசித்துக் காட்டச் செய்தார்கள். 1993-ல் வெளியான முடிவுப்படி, கதை கேட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கேட்டதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னபோதும் அவர்களே முந்தினார்கள்.